பதினோராம் பாடு

புயல் கட்டடத்தின் இரும்புக் கதவு உப்பில் இறுகிக் கிடந்தது. ஜெகதீஸ்வரன் தோளைக் கொடுத்துத் தள்ளினான். அவன் தம்பி முரளி அடியில் காலால் உதைத்தான். மூன்றாவது தள்ளலில்தான் அது நீளமாக முனகிக்கொண்டு திறந்தது. உள்ளேயிருந்து பழைய சுண்ணாம்பு வாடை வந்தது, புறா எச்சத்தின் வாடை வந்தது. அவற்றுக்கு அடியில் லேசாகச் சேற்று வாடையும் வந்தது.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே, மணல்திட்டில் தூண்கள்மேல் நின்ற கட்டடம் அது. புயல் வந்தால் குப்பத்து ஜனங்கள் ஏறி ஒதுங்குவதற்காகக் கட்டியது. மற்ற நாட்களில் பூட்டியே கிடக்கும். பத்தடி உயரத்தில் இருக்கும் கூடத்தில் ஏரிச்சேற்றின் வாடை எப்படி வரும் என்று அண்ணனும் தம்பியும் அப்போது யோசிக்கவில்லை. சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. வெளியே மணல் கண்கூசும்படி கொதித்துக்கொண்டிருந்தது.

பொழுதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. இந்தக் கதையில் நள்ளிரவே கிடையாது. விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறவர்களுக்காகத்தான் சொல்கிறேன்.

இறால் கூடையில் சுமந்து வந்ததையெல்லாம் முரளி தரையில் இறக்கினான். பிளாஸ்டிக் குழாயில் செய்த துப்பாக்கிகள். பழைய லைஃப் ஜாக்கெட்டுகளை வெட்டித் தைத்த மார்க்கவசங்கள். ஜெகதீஸ்வரன் குப்பத்தில் போட் இன்ஜின் பழுது பார்க்கிறவன். சென்னையில் ஒரு மாலில், இருட்டறைக்குள் ஒருவரையொருவர் ஒளியால் சுட்டு விளையாடுவதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, எட்டு மாதமாக ஓய்ந்த நேரமெல்லாம் இதிலேயே கிடந்தான். லேசர் என்று பேர்தானே தவிர, துப்பாக்கியிலிருந்து கிளம்புவது டிவி ரிமோட்டில் இருக்கிற அதே கண்ணுக்குத் தெரியாத ஒளி. அதைப் பிடிக்கக் கவசத்தின் நெஞ்சில் பட்டாணி அளவு சென்சார். ஒளி பட்டால் பஸ்ஸர் கத்தும். சின்னத் திரையில் சுட்டவனின் எண் தெரியும். கவசம் போட்டவனுக்குப் பத்து உயிர். ஒவ்வொரு அடிக்கும் ஒன்று குறையும்.

"ண்ணா, போன வாட்டி மாதிரி அண்ணி சீரியல மாத்துனா நான் செத்துடப் போறேன்," என்றான் முரளி, கவசத்தை மாட்டிக்கொண்டே.

"அதான் சென்சாரையே மாத்திட்டேன்ல. ரிமோட்டு ஒளி செகண்டுக்கு முப்பத்தெட்டாயிரம் தடவ துடிக்கும். இது அம்பத்தாறாயிரம் துடிச்சாத்தான் காது குடுக்கும். வலையில கண்ணி அளவ மாத்துற மாதிரி. பொடி மீனு தானா பூந்து போயிடும்."

"பெரிய மீனு வந்தா?"

"நீ ஓடு."

ஒன்றை மாற்றியதோடு அவன் விடவில்லை. வெயில் பட்டால் சென்சார் குருடாகும் என்று அதன்மேல் கறுப்புக் குழாயில் ஒரு துண்டு வெட்டிக் கூரை வைத்தான். பேட்டரியின் சலசலப்பு உள்ளே போகாமலிருக்க ஒரு கெப்பாசிட்டர் சேர்த்தான். உப்புக்காற்றில் கம்பிக்கால்கள் துருப்பிடிக்காமலிருக்க, மனைவி கலைவாணியின் நகப்பூச்சைக் கேட்காமல் எடுத்துப் பூசினான். அதற்கு அவள் போட்ட சத்தம் அனுப்பம்பட்டு ரயில் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொரு காவலும் வைத்திருந்தான். துப்பாக்கி தன் எண்ணை இரண்டு முறை அனுப்பும். இரண்டும் ஒத்துப்போனால்தான் அடி. இனி வெயிலோ விளக்கோ தப்பித்தவறிக்கூட ஓர் எண்ணைக் காட்டிவிட முடியாது.

இவ்வளவு கவனமாக இருந்தவன், எண் வைப்பதில்தான் தப்புச் செய்தான்.

அந்தக் குப்பத்தில் ஏரித்தொழில் முறைவைத்து நடக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண். அந்த எண் வருகிற நாள் அந்த வீட்டின் பாடு. அன்றைக்கு அந்த இடத்தில் அவர்கள் மட்டும்தான் வலை போடலாம். எல்லோருக்கும் மனப்பாடமான எண்கள் என்பதால் துப்பாக்கிக்கும் கவசத்துக்கும் ஜெகதீஸ்வரன் அதையே வைத்தான். தங்கள் வீடு பன்னிரண்டு. அது முரளிக்கு. அடுத்த வீட்டு மோகன்குமாருக்குப் பதிமூன்று. தானே சோதித்துப் பார்க்கிற துப்பாக்கிக்கு யாருடையதுமில்லாத ஓர் எண் வேண்டியிருந்தது. பதினொன்று காலியாகத்தானே கிடக்கிறது என்று நினைத்தான்.

பதினொன்று கோதண்டத்தின் வீடு. மூன்று வருஷத்துக்கு முன்னால் தன் பாடு நாளில் முகத்துவாரத்துப் பக்கம் போனவன். படகு திரும்பி வந்தது. அவன் வரவில்லை, உடலும் வரவில்லை. உடல் கிடைக்காதவனின் எண்ணைக் குப்பத்தில் இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டார்கள். வாயாலும் சொல்ல மாட்டார்கள். ஊர்க்கூட்டத்தில் பட்டியல் வாசிக்கிறவர், பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சு நிறுத்திவிட்டுப் போவார்.

அந்த மூச்சு இருக்க வேண்டிய இடத்தில் ஜெகதீஸ்வரன் ஒரு துப்பாக்கியை வைத்தான்.

சோதனை நன்றாகவே நடந்தது. கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து சுட்டால் அந்தக் கோடியில் முரளி, பட்டது என்று கத்தினான். சோதனைத் துப்பாக்கியின் லென்ஸ் கொஞ்சம் கோணலாக இருந்ததால், ஜெகதீஸ்வரன் பேட்டரியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, துப்பாக்கியைப் பிரித்துத் தரையில் பரப்பினான். முரளியின் கவசத்தைப் பத்துக்குத் திருப்பி வைத்துவிட்டுக் குனிந்தான்.

பஸ்ஸர் கத்தியது.

"ண்ணா, ரெடினு சொல்லிட்டுச் சுடு."

"நான் எங்கடா சுட்டேன்?"

முரளி திரையைப் பார்த்தான். அடித்தவன் பதினொன்று. உயிர் ஒன்பது.

துப்பாக்கி ஜெகதீஸ்வரனின் காலடியில் ஏழெட்டுத் துண்டாகக் கிடந்தது. ஏரித்தண்ணீரில் பட்ட வெயில் ஜன்னல் வழியாகத் திரும்பி அடிக்கிறதோ என்று அவன் எழுந்துபோய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினான். கூடம் இருண்டது. வெளியே சவுக்குத் தோப்பில் காற்று உரசுகிற சத்தம் மட்டும் இருந்தது.

எட்டு.

"நெஞ்சு ஜில்லுனு இருக்குதுண்ணா," என்று முரளி சிரித்தான். "மால் மாதிரியே ஏசி கீசி போட்டுட்டியா?"

ஏழு.

இந்த முறை முரளி சிரிக்கவில்லை.

ஜெகதீஸ்வரன் கவசத்தைக் கழற்றி பேட்டரியை உருவினான். "மோகனோட வேலையா இருக்கும். நம்பரு மாத்தி எங்கியோ ஒளிஞ்சிருந்து சுடுறான்," என்றான். மோகன்குமார் அப்படிப்பட்ட குறும்புக்காரன்தான். தன் துப்பாக்கியையும் கவசத்தையும் அன்று காலையே எடுத்துக்கொண்டும் போயிருந்தான். ஆனால் போன் போட்டால் பல மைல் தள்ளி, மச்சான்களின் ஊரான சுண்ணாம்புக்குளத்திலிருந்து பேசினான். மச்சான்களுக்குக் காட்டுவதற்காகக் கொண்டுபோயிருக்கிறானாம். பின்னால் மச்சான் பிள்ளைகள் சண்டை போடுகிற சத்தம் கேட்டது.

கவசம் அன்றிரவு பேட்டரி இல்லாமல் வீட்டில் ஆணியில் தொங்கியது. ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் தூங்கினார்கள்.

மறுநாள் காலை முரளி ஏரிக்கரையில் முழங்கால் தண்ணீரில் நின்று வலை அலசிக்கொண்டிருந்தான். வெயில் ஏறியிருந்தது. படகடியில் இன்ஜினைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த ஜெகதீஸ்வரன் நிமிர்ந்தபோது, தம்பி மல்லாந்து விழுவதைப் பார்த்தான். எழுந்தான். மறுபடி விழுந்தான். நீந்தத் தெரிந்தவன், முழங்கால் தண்ணீரில். மூன்றாவது முறை விழுந்தபோது எழவில்லை. ஜெகதீஸ்வரன் ஓடிப்போய்த் தூக்கினான். தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தபடி கிடந்தான் முரளி. நெஞ்சின்மேல் பாரம் வைத்ததுபோல அவ்வளவு கனமாக இருந்தான்.

"யாரோ தள்ளுறாங்கண்ணா," என்றான், மூச்சு வந்ததும். "கோவமா இல்ல. நகரு நகருனு தள்ளுற மாதிரி."

வீட்டுக்கு வந்ததும் ஜெகதீஸ்வரன் ஆணியிலிருந்த கவசத்தில் பேட்டரியைப் போட்டான்.

நான்கு.

நேற்றுக் கழற்றியபோது ஏழு. பேட்டரி இல்லாமலே மூன்று குறைந்திருந்தது. முரளி விழுந்ததும் மூன்று முறை.

இவர்களுடைய நைனா செத்தபோது முரளிக்கு ஒன்பது வயது. மீசை முளைக்கும் வரை அண்ணன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கியவன். ஜெகதீஸ்வரன் அந்த நான்கையே பார்த்துக்கொண்டு நின்றான். கலைவாணி வந்து அவன் கையிலிருந்து கவசத்தைப் பிடுங்கினாள்.

"இன்னாய்யா பண்ணி வெச்சிருக்கே? கொளுத்துய்யா இத்த!"

"கொளுத்துனா எண்ணறது நிக்கும்னு யாரு சொன்னா? பேட்டரியே இல்லாம எண்ணுது. எங்கேருந்து வருதுனு தெரிஞ்சாத்தான் நிறுத்த முடியும்."

அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அன்று உச்சிப்பொழுதில் முரளியையும் கூட்டிக்கொண்டு புயல் கட்டடத்துக்கே திரும்பினான். கலைவாணி போகும் வழியில் கோதண்டத்தின் மனைவி லோகநாயகியின் வீட்டில் நின்றுவிட்டாள். என்ன சொன்னாளோ, கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்தாள்.

கூடத்தில் ஜெகதீஸ்வரன் சென்சாரின் வாயில் வெள்ளைத்தாளை வெட்டி ஒட்டினான். தூரத்தை அளக்க அதுதான் வழி. ஒளி தூரத்திலிருந்து வந்தால் ஒரு தாளிலேயே செத்துவிடும்; கிட்டேயிருந்து வந்தால் இரண்டு மூன்றைத் துளைக்கும். முதலில் பன்னிரண்டாம் எண் துப்பாக்கியால் சுட்டுக் கணக்கு வைத்துக்கொண்டான். ஒரு தாளென்றால் முப்பதடி. மூன்று தாளென்றால் எட்டடி. ஐந்து தாளென்றால் துப்பாக்கியை முகத்துக்கு நேரே நீட்டினால்தான். எட்டு தாள் ஒட்டியபோது, குழல்வாயைச் சென்சார்மேலேயே வைத்து அழுத்தியும் பஸ்ஸர் கத்தவில்லை.

பிறகு மூன்று தாளோடு கவசத்தை முரளிக்கு மாட்டினான்.

"பயமா இருக்குதாடா?"

"உன் மூஞ்சியப் பார்த்தாத்தான் பயமா இருக்குது."

பஸ்ஸர் கத்தியது. பதினொன்று. உயிர் மூன்று.

எட்டடிக்குள் யாருமில்லை. ஜெகதீஸ்வரன் தாள்களை எடுத்தான். மேலும் இரண்டு தாளை ஒட்டினான்.

உயிர் இரண்டு.

முரளியின் முகத்துக்கு நேரே வெறும் காற்று. சேற்று வாடை இப்போது மூக்கை அடைத்தது.

"கழட்டிடுறேன்டா."

"வேணாம். கழட்டுனாலும் தண்ணியில வந்து தள்ளும். பாத்துடு."

ஜெகதீஸ்வரன் இன்னும் மூன்று தாளை ஒட்டி எட்டாக்கினான். குழல்வாயை அழுத்தினாலும் நுழையாத கனம்.

பஸ்ஸர் கத்தியது.

உயிர் ஒன்று.

இவ்வளவு நேரம் தூரத்தைத் தேடியிருந்தான். தூரமே இல்லை. ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

"அவரு சுடல, ஜெகா."

வாசலில் லோகநாயகி நின்றிருந்தாள். பின்னால் கலைவாணி, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு. லோகநாயகிக்கு முப்பத்திரண்டு வயதுதான். கையில் கருவாட்டுச் செதில் ஒட்டியிருந்தது. நேரே முரளியிடம் போய், அவன் நெஞ்சுக்கு ஒரு சாண் முன்னால், வெறும் காற்றில் உள்ளங்கையை வைத்தாள்.

கை அங்கேயே நின்றது. எதன்மேலோ பட்டு நிற்பதுபோல.

எடுத்தபோது விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள்.

"இளைச்சிப் போயிட்டாரு," என்றாள்.

பிறகு ஜெகதீஸ்வரன் பக்கம் திரும்பினாள்.

"நீ இன்ஜினோடயே கெடந்து மறந்துட்டே. பாடு முடிச்சிட்டுக் கரையேறுனவன் இன்னா பண்ணுவான்? ஈரக்கையை அடுத்த வூட்டுக்காரன் நெஞ்சுல வெச்சு 'முடிஞ்சிது, புடி'னு சொல்லுவான். அப்பதான் அவன் தண்ணியில எறங்குவான். எறங்குனவன் பேரைச் சொல்லாம விட்டுட்டோம். அவரும் எதுவும் தெரியாம கெடந்தாரு. நீ நம்பர எடுத்துக் குடுத்துட்டே. இப்போ முடிக்கப் பாக்குறாரு. பதினொண்ணுக்கு அடுத்தது பன்னெண்டு."

"எதக்கா முடிக்கிறாரு?" என்றான் முரளி. அவன் குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது.

லோகநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னல் இடுக்கில் தெரிந்த ஏரியைப் பார்த்தாள்.

"என்கிட்ட குடுத்தா நான் வாங்கிக்குவேன்," என்றாள் கடைசியில். "குடுக்க முடியாது. நானும் பதினொண்ணாம் வூடுதான்."

கடைசி உயிர் திரையில் சிவப்பாக மினுக்கியது. ஜெகதீஸ்வரன் யோசித்ததாகவே தெரியவில்லை. தம்பியின் கவசத்தை வாரோடு சேர்த்து உருவித் தன் நெஞ்சில் அணைத்துக்கொண்டு, முரளி நின்ற இடத்தில் தான் நின்றான்.

"கோதண்டண்ணா. பன்னெண்டாம் வூட்டுக்குப் பெரியவன் நான். இங்க குடு."

"யோவ்!" என்று கலைவாணி ஓடிவந்தாள். முரளி அண்ணன் கையைப் பிடித்து இழுத்தான்.

பஸ்ஸர் இழுத்துக் கத்தியது.

பூஜ்யம்.

பிறகு சத்தமே இல்லை. சேற்று வாடை போயிருந்தது. புறா ஒன்று எங்கோ சிறகடித்தது. ஜெகதீஸ்வரன் தன் கையையும் காலையும் பார்த்துக்கொண்டான். சட்டையில் நெஞ்சருகே ஐந்து விரல் அகலத்துக்கு ஈரம். அவ்வளவுதான். மெல்லச் சிரித்தான். முரளி அவனைக் கட்டிக்கொண்டு அழுதான்; கலைவாணி இருவர் முதுகிலும் மாறி மாறி அடித்தாள்.

அங்கேயே எல்லாவற்றையும் உடைத்தார்கள். முரளி துப்பாக்கிகளை முழங்காலில் வைத்து முறித்தான். ஜெகதீஸ்வரன் பன்னிரண்டாம் எண் போர்டைச் சுத்தியலால் பொடியாக்கி, சென்சார்களை ஒவ்வொன்றாக நசுக்கினான். சவுக்குச் சருகைப் போட்டுக் கொளுத்தினார்கள். லோகநாயகி மட்டும் தீயைப் பார்க்காமல், ஈரம் காய்ந்துபோன கையைப் பார்த்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

திங்கட்கிழமை முரளி பழையபடி ஆகிவிட்டான். காலையில் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி வந்தான், ஒன்றும் தள்ளவில்லை. மதியம் கலைவாணி மடவை மீன் குழம்பு வைத்து, புருஷனுக்கு முன்னால் தட்டை வைத்தாள். ஜெகதீஸ்வரன் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, தலையைக் குனிந்தபடி சாப்பிட்டான்.

"உப்பு பத்தல," என்றான்.

போட்டாள். மறுபடி கேட்டான். மறுபடி போட்டாள்.

போன் அடித்தது. மோகன்குமார். சுண்ணாம்புக்குளத்திலிருந்து இன்னும் திரும்பவில்லை.

"அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லு, வெளாட்டு போதும்னு. இங்க புள்ளைங்களுக்குக் காட்டலாம்னு ஜாக்கெட்ட மாட்டுனேன், சும்மா சும்மா அடிக்குது. ரெண்டு உயிரு போயிடுச்சு. திரையில பன்னெண்டுனு காட்டுது."

கலைவாணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பக்கத்துல எங்கியோதான் ஒளிஞ்சினு இருக்காரு. எனக்குத் தெரியாதா? சட்டையெல்லாம் ஈரமாக்கிட்டாரு. அவரு போன் எடுக்கல. எங்க இருக்காரு, அண்ணி?"

அவள் எதிரே பார்த்தாள். ஜெகதீஸ்வரன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வலது கை சோற்றில் இருந்தது. இடது கை தொடைமேல் இருந்தது.

போனுக்குள் பஸ்ஸர் கத்தியது.

"ஏழு," என்றான் மோகன்குமார். அவன் குரலில் சிரிப்பு இல்லை. "அண்ணி?"

"யாரு, மோகனா?" ஜெகதீஸ்வரன் தலை நிமிராமலே கேட்டான். உப்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டான். "ஜல்தி வந்து வாங்கிக்கச் சொல்லு. எவ்ளோ நேரந்தான் தண்ணியில நின்னுனே இருக்கறது?"